பட்டணம் பறக்கும் பந்து வீரர்கள்!

சின்ன ஊரை விட்டு அவர்கள் போவது ஏன்?

2010-ம் ஆண்டு ஜூலை மாதம் 8-ந் தேதி இரவு.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்று ஒரு நகரம். அங்கே வீட்டுக்கு வீடு ஜனங்கள் டெலிவிஷன் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள்கூடத் தூங்கவில்லை.

ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரர், இனி எந்த ஊர்க் குழுவில் ஆடப் போகிறார் என்பதைச் சொல்லப் போகிறார். அதைக் கேட்கத்தான் ஊரே காத்திருந்தது.

அவர் பெயர் லெப்ரான் ஜேம்ஸ். வயது 25. பிறந்த ஊர் ஆக்ரன். கிளீவ்லாந்தில் இருந்து சுமார் 40 மைல். "நம்ம வீட்டுப் பிள்ளை" என்று ஊரார் அவரைக் கொண்டாடினார்கள். பெரிய கட்டிடம் ஒன்றின் சுவர் முழுவதும் அவர் படம் தொங்கியது.

அவர் பேசினார். மயாமி நகரத்துக் குழுவில் சேரப் போவதாகச் சொன்னார்.

அவ்வளவுதான். ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். லெப்ரான் பெயர் போட்ட பனியன்களைக் கழற்றித் தீ வைத்தார்கள். குழுவின் முதலாளி அன்று இரவே கோபமாக ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். சுவரில் தொங்கிய படத்தை இரண்டு நாளில் இறக்கிவிட்டார்கள்.

மயாமியில் என்ன இருக்கிறது? கடற்கரை இருக்கிறது. வெயில் இருக்கிறது. பணக்காரர்களும் சினிமாக்காரர்களும் வந்து போகும் ஊர் அது.

"கெட்டும் பட்டணம் சேர்" என்பது பழமொழி. அமெரிக்காவிலோ கெடாதவர்களும் பட்டணம் சேருகிறார்கள்! கோடி கோடியாகச் சம்பாதிக்கும் ஆட்டக்காரர்கள், சின்ன ஊரை விட்டுப் பகட்டான ஊருக்குப் போகிறார்கள்.

ஏன்? பணத்தாசையா? ஆடம்பர மோகமா? நன்றி கெட்ட தனமா?

விஷயம் அவ்வளவு லேசானது அல்ல.

ஊரைத் தேர்ந்தெடுப்பது யார்?

அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்து சங்கத்தில் 30 குழுக்கள் உள்ளன. ஒரு குழு கனடாவில் இருக்கிறது. மற்ற 29-ம் அமெரிக்காவில்.

நியூயார்க்கில் 80 லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 38 லட்சத்துக்கு மேல். மில்வாக்கி நகரிலோ 6 லட்சம்கூட இல்லை. ஆனாலும் மில்வாக்கிக்கும் ஒரு குழு உண்டு.

புது ஆட்டக்காரர்கள், தங்களுக்குப் பிடித்த குழுவில் நேராகச் சேர்ந்துவிட முடியாது. ஆண்டுதோறும் "ஆள் எடுப்பு" நடக்கும். அதிகமாகத் தோற்ற குழுக்களுக்கு அதில் முன்னுரிமை உண்டு. 1985-ம் ஆண்டில் இருந்து முதல் இடங்களுக்குக் குலுக்கல் போடுகிறார்கள்.

நல்ல ஏற்பாடுதான். இது இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரும் இரண்டு மூன்று பெரிய ஊர்களிலேயே குவிந்துவிடுவார்கள். மற்ற ஊர்கள் தோற்பதற்கென்றே ஆட வேண்டியிருக்கும்.

ஆனால் இதையும் கவனிக்க வேண்டும். 19 வயதுப் பையன் வேலைக்குச் சேருகிறான். எந்த ஊரில் வேலை என்பதை அவன் சொல்லவில்லை. குலுக்கல் சொல்கிறது!

முதல் ஒப்பந்தம் பொதுவாக 4 ஆண்டு. அது முடிந்ததும் வேறு ஊர் அவனைக் கூப்பிடலாம். ஆனால் "அந்தச் சம்பளத்தை நாங்களே கொடுக்கிறோம்" என்று பழைய குழு சொல்லிவிட்டால், அவன் அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

ஆகவே, தான் விரும்பிய ஊருக்குப் போகும் வாய்ப்பு பலருக்கு ஏழெட்டு ஆண்டுகள் கழித்தே வருகிறது. லெப்ரான் 7 ஆண்டுகள் ஆடிய பிறகே கிளீவ்லாந்தை விட்டுப் போனார்.

நாணயம் விழுந்த ஊர்

பட்டணம் பறந்த பெரிய ஆட்டக்காரர்களில் முக்கியமானவர் கரீம் அப்துல் ஜப்பார். உயரம் 7 அடி 2 அங்குலம்!

அவர் பிறந்தது நியூயார்க்கில். கல்லூரியில் படித்தது லாஸ் ஏஞ்சல்சில். 1969-ம் ஆண்டு ஆள் எடுப்புக்கு வந்தார். மில்வாக்கி, பீனிக்ஸ் என்ற இரண்டு குழுக்களில் யாருக்கு முதல் இடம் என்று முடிவு செய்ய ஒரு நாணயத்தைச் சுண்டினார்கள். மில்வாக்கிக்கு விழுந்தது.

கரீம் குறை வைக்கவில்லை. இரண்டே ஆண்டில், 1971-ல், மில்வாக்கிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் ஊர் அவருக்கு ஒட்டவில்லை. குளிர்காலத்தில் பனி கொட்டும் ஊர் அது. அவர் இஸ்லாம் மதத்தைத் தழுவியவர். ஜாஸ் சங்கீதத்தில் உயிராக இருந்தவர். தன்னைப் போன்றவர்களோடு பழகவும், தனக்குப் பிடித்தபடி வாழவும் மில்வாக்கியில் வழி குறைவு என்று நினைத்தார்.

1974-ல் குழுத் தலைவர்களிடம் சொல்லிவிட்டார். "நியூயார்க் அல்லது லாஸ் ஏஞ்சல்சுக்கு என்னை மாற்றிவிடுங்கள்" என்பதுதான் அவர் கோரிக்கை. ஊர் ஜனங்கள் மீது அவர் குற்றம் சொல்லவில்லை.

1975-ல் லாஸ் ஏஞ்சல்சின் லேக்கர்ஸ் குழுவுக்குப் போனார். அங்கே 5 பட்டங்கள் பெற்றார். மில்வாக்கி அடுத்த பட்டத்துக்கு 50 ஆண்டுகள் காத்திருந்தது!

குளிர்படி கிடையாது!

பணம் இதில் எவ்வளவு தூரம் வேலை செய்கிறது?

ஒரு காலத்தில் நிறையச் செய்தது. 1996-ம் ஆண்டு ஷகீல் ஓ'நீல் என்ற வீரர் ஒர்லாண்டோ நகரில் இருந்து லாஸ் ஏஞ்சல்சுக்குப் போனார். 7 ஆண்டுக்குச் சுமார் 12 கோடி டாலர் பேசினார்கள். அப்போது தனி ஆள் சம்பளத்துக்கு வரம்பு கிடையாது.

அதே சமயம் ஒர்லாண்டோவின் உள்ளூர்ப் பத்திரிகை வாசகர்களிடம் ஒரு கேள்வி கேட்டது. "இவருக்கு இவ்வளவு பணம் தகுமா?" என்று. 100-க்கு 90 பேருக்கு மேல் "தகாது" என்றார்கள்! ஊரே இப்படிச் சொன்னால் ஆட்டக்காரர் மனம் என்ன பாடுபடும்? அவர் போய்விட்டார். லாஸ் ஏஞ்சல்சுக்கு 2000, 2001, 2002 என்று வரிசையாக மூன்று பட்டங்கள் கிடைத்தன.

1999-ல் சட்டம் மாறியது. தனி ஆள் சம்பளத்துக்கும் உச்சவரம்பு வந்தது. ஒரு குழுவுக்கு இவ்வளவு சம்பளத் தொகை என்று சங்கம் ஆண்டுதோறும் ஒரு கணக்குச் சொல்லும். அதில் 100-க்கு 25, 30 அல்லது 35 பங்குதான் ஒருவருக்கு உச்ச சம்பளம். எத்தனை ஆண்டு ஆடியிருக்கிறார் என்பதைப் பொறுத்து இது மாறும்.

பணக்கார ஊர் ஏழை ஊரை விலைக்கு வாங்கிவிடக் கூடாது என்பது இதன் நோக்கம்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

மலைப்பகுதியில் வேலை பார்க்கும் உத்தியோகஸ்தருக்கு மலைப்படி கொடுப்பார்கள். கஷ்டமான ஊருக்குப் போக ஆள் வேண்டும் என்றால் சம்பளத்தைக் கூட்டித்தான் கூப்பிட வேண்டும். மில்வாக்கி அப்படிச் செய்ய முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸ் கொடுக்கும் உச்ச சம்பளம்தான் மில்வாக்கி கொடுக்கும் உச்ச சம்பளமும்! "எங்கள் ஊர் குளிருகிறது, அதற்காகக் குளிர்படி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று வெளியூர் வீரரைக் கூப்பிட வழி இல்லை.

சம்பளம் ஒன்றாகிவிட்டால் மனிதன் வேறு எதைப் பார்ப்பான்? ஊரைப் பார்ப்பான். வெயிலைப் பார்ப்பான். மனைவி மக்களுக்கு எது வசதி என்று பார்ப்பான்.

ஒரே ஒரு சலுகை உண்டு. சொந்தக் குழு மற்றவர்களைவிட ஓர் ஆண்டு கூடுதலாக ஒப்பந்தம் போடலாம். ஆண்டுச் சம்பள உயர்வும் கொஞ்சம் அதிகம் தரலாம். 2017-ல் இருந்து மிகச் சிறந்தவர்களுக்கு இன்னும் பெரிய ஒப்பந்தம் போடவும் வழி செய்தார்கள். இந்தச் சலுகையையும் உதறிவிட்டுத்தான் சிலர் போகிறார்கள். 2010-ல் மயாமி போன லெப்ரானும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டே போனார்.

வரியையும் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் இருக்கும் கலிபோர்னியா மாநிலத்தில், பெரும் பணக்காரரிடம் 100 டாலருக்கு 13 டாலருக்கு மேல் மாநில வருமான வரி வாங்குகிறார்கள். மயாமி இருக்கும் புளோரிடாவில் அந்த வரியே கிடையாது. அப்படி இருந்தும் லாஸ் ஏஞ்சல்சுக்குப் போகிறவர்கள் போகிறார்கள். பணம் மட்டுமே காரணம் என்றால் இப்படி நடக்குமா?

பந்துக்கு வெளியே ஒரு வாழ்வு

பந்தாட்டம் ஆயுள் முழுவதும் சோறு போடாது. 35 வயதைத் தாண்டினால் பெரும்பாலோருக்கு ஆட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு 40 ஆண்டுகள் வாழ வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் சினிமாவின் தலைநகரம். ஓ'நீல் அங்கே போன 1996-ம் ஆண்டிலேயே அவர் நடித்த படமும் வெளிவந்தது. லெப்ரான் 2018-ல் லாஸ் ஏஞ்சல்சுக்கு வந்தார். 2021-ல் அவர் கதாநாயகனாக நடித்த படம் வந்தது. படம் எடுக்கும் கம்பெனியும் அவருக்கு உண்டு. முதலாளிகள், பட அதிபர்கள், விளம்பரக்காரர்கள் எல்லோரும் அங்கே பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கவர்ச்சி முன்போல இல்லை. இப்போது எந்த ஊரில் ஆடினாலும் உலகம் முழுவதும் பார்க்கிறது. கெவின் டுராண்ட் என்ற வீரர் ஓக்லஹோமா சிட்டி என்ற சின்ன நகரில் ஆடும்போதே, 2014-ல், நைக்கி காலணிக் கம்பெனியுடன் பெரிய ஒப்பந்தம் போட்டார். விளம்பரத்துக்காக அவர் பட்டணம் போக வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் 2016-ல் அவர் போய்விட்டார். சான்பிரான்சிஸ்கோ பக்கத்தில் இருந்த கோல்டன் ஸ்டேட் குழுவில் சேர்ந்தார். ஏன்? அந்தக் குழு ஏற்கெனவே சாம்பியனாக இருந்த பலமான குழு. 2017, 2018 இரண்டு ஆண்டும் அவருக்குப் பட்டம் கிடைத்தது.

கூட்டாளிதான் பெரிய காரணம் என்பது இதிலிருந்து தெரியும். லெப்ரானும் மயாமிக்குத் தனியாகப் போகவில்லை. டுவைன் வேட் அங்கே இருந்தார். கிரிஸ் போஷ் கூடவே வந்து சேர்ந்தார். மூவரும் நண்பர்கள். 2012, 2013-ல் பட்டம் வாங்கினார்கள்.

நியூயார்க் ஏமாந்த கதை

வெறும் பகட்டுக்கு ஆள் வரமாட்டார்கள் என்பதற்கு நியூயார்க்கே சாட்சி.

அமெரிக்காவில் அதைவிடப் பெரிய நகரம் இல்லை. ஆனால் அங்குள்ள நிக்ஸ் குழு 1973-ல் பட்டம் வாங்கியது. பிறகு 2025 வரை ஒரு பட்டமும் இல்லை!

2010-ல் லெப்ரானுக்காகப் பணத்தை ஒதுக்கி வைத்துக் காத்திருந்தார்கள். அவர் வரவில்லை. 2019-ல் மறுபடியும் பணத்தோடு காத்திருந்தார்கள். டுராண்டும் கைரி இர்விங்கும் நியூயார்க்குக்கு வந்தார்கள். ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள புரூக்ளின் குழுவில் போய்ச் சேர்ந்தார்கள்!

ஊர் பெரிதாக இருந்தால் போதாது. குழு நல்லபடி நடக்க வேண்டும். கூட ஆட நல்ல ஆள் இருக்க வேண்டும்.

துரோகமா? உரிமையா?

"வளர்த்த ஊரை விட்டுப் போகலாமா?" என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். ஆட்டக்காரர்களின் பக்கத்தையும் கேட்க வேண்டும்.

முன்பெல்லாம் ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் குழுவுக்கே சொந்தம். முதலாளி விட்டால்தான் வேறு ஊர். ஆனால் ஆட்டக்காரரை வேறு ஊருக்கு அனுப்ப முதலாளி அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை!

1970-ல் ஆஸ்கார் ராபர்ட்சன் என்ற பெரிய வீரர், ஆட்டக்காரர்கள் சார்பில் கோர்ட்டில் வழக்குப் போட்டார். 1976-ல் சமரசம் ஏற்பட்டது. ஆட்டக்காரர்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைத்தது. 1988-ல் அது முழுமையாயிற்று. நீண்ட நாள் ஆடி, ஒப்பந்தம் முடிந்தவர் தடையில்லாமல் எந்த ஊருக்கும் போகலாம் என்று ஆயிற்று.

இந்த ராபர்ட்சன் யார் தெரியுமா? மில்வாக்கியில் கரீமுடன் சேர்ந்து 1971-ல் பட்டம் வாங்கியவர்!

மில் தொழிலாளி வேறு மில்லுக்குப் போனால் யாரும் அவர் சட்டையைக் கொளுத்துவது இல்லை. பந்தாட்டக்காரரும் உழைப்பவர்தான்.

ஊரின் கண்ணீர்

அதற்காக ஊரின் துக்கம் பொய்யாகிவிடுமா?

லெப்ரான் இருந்த கடைசி ஆண்டில் கிளீவ்லாந்து 61 பந்தயங்களில் ஜெயித்தது. அவர் போன அடுத்த ஆண்டில் ஜெயித்தது 19 மட்டும். தோற்றது 63. ஒரு சமயம் தொடர்ந்து 26 பந்தயங்களில் தோல்வி!

பெரிய நகரத்தில் வேறு வேடிக்கை ஆயிரம் உண்டு. சின்ன ஊருக்கு அந்தக் குழுதான் பெருமை. அப்பனும் மகனும் சேர்ந்து உட்காரும் இடம் அந்த ஆட்ட மைதானம்தான்.

இன்னொரு பயமும் உண்டு. ஆட்டக்காரர் மட்டும் அல்ல, குழுவே ஊரை விட்டுப் போய்விடலாம்!

லேக்கர்ஸ் குழு முதலில் மின்னியாபொலிஸ் நகரில் இருந்தது. "லேக்" என்றால் ஏரி. அந்த மாநிலத்தில் ஆயிரக்கணக்கான ஏரிகள். அதனால்தான் அந்தப் பெயர். அங்கே 5 பட்டங்கள் வாங்கிய பிறகு, 1960-ல் குழு லாஸ் ஏஞ்சல்சுக்குக் குடிபோயிற்று. ஏரிகள் பழைய ஊரிலேயே நின்றுவிட்டன. பெயர் மட்டும் கூடவே போயிற்று!

மில்வாக்கிக்கும் அந்தப் பயம் வந்தது. புது அரங்கம் கட்டாவிட்டால் குழு நிலைக்காது என்ற நிலை. 2015-ல் பொதுப் பணத்தில் இருந்து 25 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். 2018-ல் அரங்கம் திறந்தது. வரி கட்டியவர்களில் பந்தையே தொடாதவர்களும் உண்டு.

தங்கியவர்களும் உண்டு

எல்லோரும் பறந்துவிடவில்லை.

டிம் டங்கன் என்பவர் சான் அன்டோனியோ நகரில் 1997-ல் சேர்ந்தார். 2000-ல் ஒர்லாண்டோ அவரை வருந்தி வருந்தி அழைத்தது. போகவில்லை. 19 ஆண்டுகள் ஒரே ஊரில் ஆடி 5 பட்டங்கள் வாங்கினார். நல்ல பயிற்சியாளர், நல்ல கூட்டாளிகள், ஒழுங்கான நிர்வாகம். அவரைக் கட்டி வைத்த கயிறு அதுதான்.

யானிஸ் அன்டெட்டோகூன்போ கிரீஸ் நாட்டில் பிறந்தவர். பெற்றோர் நைஜீரியாவில் இருந்து பிழைக்க வந்தவர்கள். சிறுவயதில் தெருவில் சாமான் விற்றவர். 2013-ல் 18 வயதில் மில்வாக்கிக்கு வந்தார். 2020 டிசம்பரில், போவாரா, இருப்பாரா என்று ஊரே தவித்தது. 5 ஆண்டுக்குச் சுமார் 22 கோடி 80 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஜூலையில் பட்டம்! கடைசிப் பந்தயத்தில் அவர் மட்டும் 50 பாயிண்டு எடுத்தார். அரங்கத்துக்கு வெளியே பல்லாயிரம் பேர் தெருவில் நின்று கூத்தாடினார்கள். 50 ஆண்டுக் கடன் அன்று தீர்ந்தது.

லெப்ரான் கதைக்கும் முடிவு உண்டு. 2014-ல் கிளீவ்லாந்துக்கே திரும்பி வந்தார். 2016-ல் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2018-ல் மறுபடி போனார், லாஸ் ஏஞ்சல்சுக்கு. அந்த நவம்பரில் எதிர்க்குழு ஆட்டக்காரராக வந்தபோது, கிளீவ்லாந்து ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 2010-ல் பனியனை எரித்த அதே ஊர்!

பட்டணத்துக்கு ஆள், சின்ன ஊருக்குப் பட்டம்

2019 ஜூலையில் நடந்ததையும் கேளுங்கள்.

கவாய் லெனார்டு என்ற பெரிய வீரர், தன் சொந்தப் பகுதியான லாஸ் ஏஞ்சல்சுக்கு வந்தார். கிளிப்பர்ஸ் குழுவில் சேர்ந்தார். கூடவே ஒரு கூட்டாளி வேண்டும் என்றார். ஓக்லஹோமா சிட்டியில் இருந்த பால் ஜார்ஜ் வர விரும்பினார். அவருக்கும் கலிபோர்னியாதான் சொந்த மாநிலம்.

ஓக்லஹோமா சிட்டி ஏற்கெனவே சூடுபட்டிருந்தது. டுராண்ட் போனபோது பதிலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த முறை ஆளை விட்டது. ஆனால் விலையைக் கறந்துவிட்டது! ஆள் எடுப்பில் முதல் சுற்று வாய்ப்புகள் ஐந்தை வாங்கிக்கொண்டது. கூடவே ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டர் என்ற 20 வயதுப் பையனையும் கேட்டு வாங்கியது.

லாஸ் ஏஞ்சல்ஸ் கொண்டாடியது. சின்ன ஊர் பொறுமையாக இருந்தது. இரண்டு ஆண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்தது. கிடைத்த வாய்ப்புகளில் ஒன்றை வைத்து 2022-ல் ஜேலன் வில்லியம்ஸ் என்ற இளைஞரை எடுத்தது.

2025 ஜூன் 22-ந் தேதி. இறுதிப் பந்தயம். மோதிய இரண்டும் பகட்டில்லாத ஊர்கள்: ஓக்லஹோமா சிட்டியும் இண்டியானாவும். ஓக்லஹோமா சிட்டி ஜெயித்தது. அந்த ஆண்டின் சிறந்த வீரர் ஷாய். அவருக்குத் துணை நின்றவர் வில்லியம்ஸ்.

கிளிப்பர்ஸ் குழுவோ, 2025 வரை இறுதிப் பந்தயத்துக்குக்கூட வந்ததில்லை!

சின்ன ஊரால் கடற்கரையைக் கொண்டுவர முடியாது. சினிமா ஸ்டுடியோவைக் கட்ட முடியாது. குளிரை நிறுத்த முடியாது. நல்ல நிர்வாகத்தை மட்டும் எந்த ஊரும் கொடுக்கலாம். போகிறவரைச் சபிக்காமல் வழியனுப்பி, வருகிறவரை வளர்க்கலாம்.

பட்டம் வாங்கிய அடுத்த மாதம் ஷாய் முன்னால் ஓர் ஒப்பந்தம் வைத்தார்கள். மேலும் 4 ஆண்டுக்குச் சுமார் 28 கோடி 50 லட்சம் டாலர்.

அவர் கையெழுத்துப் போட்டார். ஓக்லஹோமா சிட்டியிலேயே தங்கிவிட்டார்.